கியர்பாக்ஸ் கேள்வி-பதில்: பேண்டு எத்தனை சுற்று?

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரட்டி இம்முறை தந்திருக்கிறோம். எல்லாமே ‘பேண்டு’ பற்றியவை. சுழலும் டிரம்மைச் சுற்றிப் பிடித்து நிறுத்தும் எஃகுப் பட்டைதான் பேண்டு. உள்பக்கம் உராய்வுப் பூச்சு இருக்கும். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது 1999 டாட்ஜ் ராம் 2500, கம்மின்ஸ் டீசல், 47ஆர்இ ஆட்டோமேட்டிக். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நடுவில் எஞ்சின் சும்மா எகிறிவிட்டு அப்புறம்தான் கியர் விழுகிறது. டிரெய்லர் மாட்டினால் இன்னும் மோசம். மூன்றாவது, நான்காவது, ரிவர்ஸ் எல்லாம் ஒழுங்கு. பேண்டு அட்ஜஸ்ட் செய்தால் சரியாகுமா? நானே செய்யலாமா?
— ஸ்கார்பரோ, கனடா

பதில்: செய்யலாம். நீங்கள் சொல்லும் குறிகள் முன் பேண்டைத்தான் காட்டுகின்றன. இந்தக் கியர் பெட்டியில் முன் பேண்டுக்கு இரண்டாவது கியரில் மட்டும்தான் வேலை. மூன்றாவதையும் ரிவர்ஸையும் பிடிப்பது முன் கிளட்ச். அவை இரண்டும் நன்றாக இருப்பதால் கிளட்ச் மேல் பழி போட முடியாது. ரிவர்ஸ் ஒழுங்காக இருப்பதால் பின் பேண்டும் தப்பித்தது.

ஆனால் ரெஞ்சை எடுப்பதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கில் போட்டுப் பார்ப்பது மற்ற வண்டிக்காரர்கள் பழக்கம். கிரைஸ்லரின் இந்தக் குடும்பத்தில் பார்க்கில் இருக்கும்போது டார்க் கன்வெர்ட்டருக்கு (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உறுப்பு) ஆயில் போகாது, அளவு தப்பாகத் தெரியும். அடுத்தது த்ராட்டில் வால்வு கேபிள், அதாவது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று பெட்டிக்குச் சொல்லும் கம்பி. ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது லீவர் ஆரம்ப நிலையில் தளர்வோ இழுப்போ இல்லாமல் நிற்க வேண்டும், முழுக்க மிதித்தால் கடைசி வரை போக வேண்டும். இது பிசகினால் உள்ளழுத்தம் குறைந்து நல்ல பேண்டும் நழுவும்.

இவை சரி என்றால், முன் பேண்டின் ஸ்குரூ பெட்டியின் இடப்பக்கம் வெளியிலேயே, லீவர்களுக்கு மேலே இருக்கிறது. ஆயிலை இறக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் சாலையில் உப்பு போடுவார்கள் என்பதால் அந்த மரை துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். மறுநாள் கம்பி பிரஷால் தேய்த்து, லாக் நட்டை (ஸ்குரூ நகராமல் பூட்டி வைக்கும் நட்) நான்கைந்து சுற்று தளர்த்தி, ஸ்குரூ விரலால் சுழலும் அளவுக்கு இலகுவாகிறதா என்று பாருங்கள். இலகுவாகாமல் டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) போட்டால் நீங்கள் அளப்பது பேண்டின் இறுக்கத்தை அல்ல, துருவின் இறுக்கத்தை. பேண்டு டிரம்மைத் தொடுவதற்கு முன்பே ரெஞ்ச் ‘போதும்’ என்று சொல்லிவிடும்.

அளவு 72 பவுண்டு-அங்குலம், அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் இவ்வளவு சின்ன அளவில் உண்மை பேசாது. கால் அங்குல டிரைவ் உள்ள சின்ன ரெஞ்சோ, சைக்கிள் கடைகளில் விற்கும் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் ரெஞ்சோ போதும். 72 பவுண்டு-அடி என்று மாற்றிப் படித்து இறுக்குகிறவர்கள் உண்டு. அது பன்னிரண்டு மடங்கு. உள்ளே ஏதாவது ஒன்று உடையும்.

இப்போது முக்கியமான விஷயம். ஸ்குரூவை உள்ளே இறுக்கும்போதே எத்தனை சுற்று போகிறது என்று பழைய நிலையிலிருந்து எண்ணுங்கள். அதனால் லாக் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே ஸ்குரூவின் ஒரு மூலையில் பெயின்ட் பொட்டு வைத்து, பெட்டியிலும் நேராக ஒரு பொட்டு வையுங்கள். 8 நியூட்டன் மீட்டருக்கு வர ஏறக்குறைய இரண்டு சுற்றுதான் ஆனது என்றால் பேண்டு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. உங்கள் கோளாறு வேறு இடத்தில். மூன்று, மூன்றரை ஆனது என்றால் நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பலர் இந்த ஒரு எண்ணிக்கையை விட்டுவிட்டு, அட்ஜஸ்ட் செய்த பிறகும் ஏன் சரியாகவில்லை என்று குழம்புகிறார்கள்.

இறுக்கிய பிறகு பின்னோக்கித் தளர்த்த வேண்டியது 1 7/8 சுற்று. நம் பழைய வாய்ப்பாட்டுக் கணக்கில் ஒன்றே முக்காலே அரைக்கால். சதுரத் தலையில் மூலைக்கு மூலை கால் சுற்று என்பதால் அரைக்காலைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: இரண்டு முழுச் சுற்று தளர்த்தி, மூலைக்கும் மூலைக்கும் நடுவில் பாதி தூரம் திரும்பி வந்தால் சரி. ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை 30 பவுண்டு-அடிக்கு, அதாவது 41 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். நட்டோடு ஸ்குரூவும் கொஞ்சம் திரும்பிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மறுபடி முதலிலிருந்து.

பின் பேண்டின் ஸ்குரூ ஆயில் பேனுக்கு (பெட்டியின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) உள்ளே. ஆயில், ஃபில்டர் மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்யுங்கள்: அதே 72 பவுண்டு-அங்குலம், 3 சுற்று தளர்த்தல், லாக் நட் 25 பவுண்டு-அடி, அதாவது 34 நியூட்டன் மீட்டர். பேனை இறக்கியதும் அடியில் படிந்ததைப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பு. கறுப்புச் செதில்களும் கருகிய வாடையும் இருந்தால் பூச்சு போய்விட்டது. அதற்கு ஸ்குரூவில் மருந்து இல்லை.

கேள்வி: இறுக்கிவிட்டு மறுபடி ஏன் தளர்த்த வேண்டும்? நேரடியாகச் சரியான அளவுக்கு இறுக்கினால் ஆகாதா? ஒவ்வொரு பெட்டிக்கும் ஏன் வேறு வேறு எண்?
— ஈரோடு

பதில்: வேண்டியது இறுக்கம் அல்ல, இடைவெளி. பேண்டுக்கும் டிரம்முக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் மூடிய பெட்டிக்குள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளக்க முடியாது. அதனால் முதலில் ஒரு குறிப்பிட்ட இறுக்கத்துக்குக் கொண்டுபோய் பேண்டு, லீவர், தாங்குகட்டை எல்லாவற்றின் தொளதொளப்பையும் எடுத்து, ‘பூஜ்யம்’ எங்கே என்று கண்டுபிடிக்கிறோம். அங்கிருந்து இத்தனை சுற்று தளர்த்தினால், ஸ்குரூவின் மரை அகலத்தால் இத்தனை இடைவெளி என்று தானாக வந்துவிடும்.

அந்த இடைவெளியைக் கடப்பது சர்வோ பிஸ்டனின் வேலை. ஆயில் அழுத்தத்தால் பிஸ்டன் நகர்ந்து, லீவரைத் தள்ளி, லீவர் பேண்டின் முனையை அமுக்குகிறது. பிஸ்டன் போகக்கூடிய தூரம் அளவானது. பூச்சு தேய்ந்து இடைவெளி கூடினால் பிடிப்பதற்குத் தாமதம். அந்தத் தாமதத்தில்தான் எஞ்சின் எகிறுகிறது. இன்னும் கூடினால் பிஸ்டன் கடைசி வரை போய் முட்டிக்கொள்ளும், பேண்டு அரைகுறையாகப் பிடித்து நழுவி எரியும்.

லீவரின் நீளம், மரை, பிஸ்டன் அளவு எல்லாம் மாதிரிக்கு மாதிரி மாறும், சுற்றும் மாறும். கிரைஸ்லரின் ஒரே குடும்பத்திலேயே முன் பேண்டுக்கு 72 பவுண்டு-அங்குலம் பொது. தளர்த்துவது மட்டும் 42ஆர்இ-க்கு 3 5/8, 46ஆர்இ-க்கு 2 7/8, 47ஆர்இ-க்கு 1 7/8. பக்கத்து வீட்டு வண்டியின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: 1965 இம்பாலா, இரண்டு கியர் பவர்கிளைடு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நழுவுகிறது. வேகம் பிடித்த பிறகு குறையில்லை. மேற்கொண்டு, புகைபோக்கியில் அவ்வப்போது வெள்ளைப் புகை. கியர் ஆயிலும் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.
— கோயம்புத்தூர்

பதில்: இரண்டு தனித்தனி நோய்கள், ஒன்று மற்றதை மறைக்கிறது. புகையை முதலில் பார்ப்போம். பெட்டியின் பக்கத்தில் வேக்யூம் மாடுலேட்டர் என்ற சிறு டப்பா இருக்கும், எஞ்சினின் இன்டேக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அதற்கு வரும். டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்தால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்துப் புகையாக விடும். குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரை மாற்றியே ஆக வேண்டும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கிளம்பும்போது நழுவும். அதனால் இதைச் சரிசெய்து, ஆயில் அளவை நிரப்பிய பிறகும் நழுவுகிறதா என்று பாருங்கள்.

அப்புறமும் நழுவினால் ரிவர்ஸில் சோதியுங்கள். பவர்கிளைடில் ரிவர்ஸுக்குத் தனிக் கிளட்ச், பேண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரிவர்ஸ் திடமாக இழுத்து, முன்னால் போவது மட்டும் நழுவினால் லோ பேண்டு. ஸ்குரூ இடப்பக்கம், ஒரு மூடிக்கு உள்ளே. லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அந்த நிலையிலேயே ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, ஸ்குரூவை 70 பவுண்டு-அங்குலத்துக்கு இறுக்குங்கள். பிறகு சரியாக 4 சுற்று தளர்த்தி லாக் நட்டை 15 பவுண்டு-அடிக்கு இறுக்கிவிடுங்கள். 6,000 மைல்கூட ஓடாத புதுப் பேண்டாக இருந்தால் மட்டும் 3 சுற்று. ‘கிட்டத்தட்ட நாலு’ என்பது இங்கே செல்லாது.

கேள்வி: 1966 மஸ்டாங், சி4 பெட்டி. ரிவர்ஸ் நழுவுகிறது. இன்னொன்று, முதல் கியரே இல்லாத மாதிரி மந்தமாகக் கிளம்புகிறது. இரண்டு பேண்டும் போயிற்றா?
— கோலாலம்பூர்

பதில்: மந்தமாகக் கிளம்புவது கோளாறே இல்லாமல் இருக்கலாம். 1966 வரை வந்த சி4-இல் கியர் குறியீட்டில் ‘டி’ எழுத்து கிடையாது, இரண்டு புள்ளிகள். பெரிய பச்சைப் புள்ளியில் மூன்று கியரும் வரும். சின்னப் புள்ளி வழுக்குச் சாலைக்காக வைத்தது, அதில் வண்டி இரண்டாவது கியரிலேயே கிளம்பும். எதில் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

ரிவர்ஸுக்கு வருவோம். அதைப் பிடிப்பவை இரண்டு: லோ-ரிவர்ஸ் பேண்டு, அதோடு மூன்றாவது கியருக்கும் உழைக்கும் கிளட்ச். எது குற்றவாளி என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். இறக்கத்தில் மெதுவாகப் போகும்போது ‘எல்’-இல் போட்டு ஆக்சிலரேட்டரை விடுங்கள். எஞ்சின் பிடித்து இழுத்து வண்டியைத் தடுத்தால் பேண்டு நன்றாக இருக்கிறது, கிளட்ச்தான் சந்தேகம்; மூன்றாவதிலும் ஏற்றத்தில் நழுவும். தடுக்காமல் வண்டி தானாக உருண்டால் பேண்டு.

சி4-இல் இரண்டு ஸ்குரூவும் வெளியில். லோ-ரிவர்ஸ் வலப்பக்கம், இன்டர்மீடியட் இடப்பக்கம். இரண்டையும் 10 பவுண்டு-அடிக்கு, அதாவது 13.6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, லோ-ரிவர்ஸை 3 சுற்றும், இன்டர்மீடியட்டை ஒன்றே முக்கால் சுற்றும் தளர்த்துங்கள். லாக் நட் 35 முதல் 45 பவுண்டு-அடி. பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள்; ஆயிலை அடைக்கும் சீல் அந்த நட்டில்தான் இருக்கிறது. நட்டுக்கு மிச்சம் பிடித்தால் வீட்டு வாசலில் சிவப்புக் கோலம்.

கேள்வி: ஏஎம்டி கார் வைத்திருக்கிறேன். கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. பேண்டு டைட் செய்யச் சொல்கிறார் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்.
— தாம்பரம்

பதில்: உங்கள் காரில் பேண்டே கிடையாது. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சையும் கியரையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதில் ஆக்சுவேட்டர் இயக்குகிறது, அவ்வளவுதான். அந்தத் தலையாட்டல் ஓரளவு அதன் பிறவிக் குணம். கியர் மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டுக்கொடுத்து ஓட்டினால் குறையும். திடீரென்று அதிகமானால் கிளட்ச் தேய்மானத்தையும், ஸ்கேன் டூல் போட்டுக் கிளட்ச் பிடிக்கும் இடத்தை மறுபடி கற்றுக்கொடுப்பதையும் பற்றிக் கேளுங்கள். பேண்டு என்று சொன்னவரிடம் வேறு வேலைக்குப் போங்கள்.

கேள்வி: 1960களின் வேலியன்ட், ஸ்லான்ட் சிக்ஸ் எஞ்சின், டார்க்ஃப்ளைட் ஏ904. கார்புரேட்டர் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து கியர்கள் சீக்கிரமே, வெண்ணெய் மாதிரி மாறுகின்றன. ஆனால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது எகிறுகிறது. கிக்-டவுன் ராடு புது கார்புரேட்டரில் மாட்ட வரவில்லை, அதனால் கழற்றி வைத்திருக்கிறோம். முழு வேகம் தேவையில்லை என்பதால் கவலைப்படவில்லை. பேண்டை மட்டும் அட்ஜஸ்ட் செய்தால் போதும்தானே?
— மெல்பர்ன்

பதில்: ராடை மாட்டும் வரை வண்டியை எடுக்காதீர்கள். அதன் பெயர்தான் ஏமாற்றுகிறது. கிக்-டவுன் என்பது அதன் உபதொழில். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லி, அதற்கேற்ப ஆயில் அழுத்தத்தை ஏற்றுவதுதான் அதன் முதல் வேலை. ராடு இல்லாதபோது நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பெட்டிக்கு ‘சும்மா நிற்கிறோம்’ என்றுதான் தெரியும். அழுத்தம் அடிமட்டத்திலேயே நிற்கும். சீக்கிரமே, மென்மையாக மாறுவது அந்தக் குறைந்த அழுத்தத்தின் அடையாளம். கிளட்சுகள் ஒவ்வொரு முறையும் நழுவிக்கொண்டே பிடிக்கின்றன, நழுவ நழுவச் சூடாகிக் கருகும்.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் இடத்தில் எகிறுவதற்கும் காரணம் அதுவே. அங்கே பேண்டு விடுவதும் முன் கிளட்ச் பிடிப்பதும் ஒரே ஆயில் ஓட்டத்தால் நடக்கின்றன. கிளட்சுக்குப் போகும் ஆயிலே சர்வோவின் மறுபக்கம் போய்ப் பேண்டை விடுவிக்கிறது. அழுத்தம் போதவில்லை என்றால் பேண்டு விட்டுவிடும், கிளட்ச் இன்னும் பிடித்திருக்காது. நடுவில் யாரும் இல்லை.

ராடின் முனைக்குப் பொருத்தமான இணைப்பைக் கார்புரேட்டர் லீவரில் வாங்கி மாட்டுங்கள், அல்லது கேபிள் வகைக்கு மாறுங்கள். கார்புரேட்டர் முழுக்கத் திறக்கும் அதே கணத்தில் பெட்டியின் லீவரும் கடைசி வரை போக வேண்டும். அதை முடித்து, ஆயிலை முகர்ந்து பார்த்து, கருகல் இல்லை என்றால் பிறகு பேண்டு: முன்னது 72 பவுண்டு-அங்குலம், 2 சுற்று, பேனுக்குள் இருக்கும் பின்னது அதே இறுக்கம், மூன்றேகால் சுற்று.

கேள்வி: ஏ727 வைத்த பழைய சார்ஜர். புத்தகத்தில் 2 சுற்று என்று இருக்கிறது. ஒரு சுற்றோடு நிறுத்தினால் கியர் ‘சுள்’ என்று விழும் என்கிறார்களே?
— டாலஸ்

பதில்: கொஞ்சம் விழும், கொஞ்ச நாள். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் சீக்கிரம் போய்ச் சேரும், தாமதம் குறையும். ஆனால் கியர் எவ்வளவு ‘சுள்’ என்று விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆயில் அழுத்தமும், அந்த அழுத்தம் ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தும் அக்யூமுலேட்டரும், ஆயிலை எங்கே எப்போது அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வு பாடியின் ஸ்பிரிங்குகளும். பேண்டு இரண்டாவதைத் தவிர மற்ற எல்லா நேரமும் டிரம்மை விட்டு விலகி நிற்க வேண்டியது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக மூன்றாவதில் போகும்போது அந்த டிரம் எஞ்சின் வேகத்தில் சுற்றுகிறது. இடைவெளி இல்லாத பேண்டு அதன் மேல் உரசிக்கொண்டே இருந்தால் இரண்டாவது கியருக்குத் தேவைப்படும் பூச்சை மூன்றாவது கியர் தின்றுவிடும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு முட்டல், பிரேக் தொட்ட மாதிரி. அது இறுக்கிக் கட்டிய பேண்டின் முகவரி.

426 ஹெமி எஞ்சினோடு வந்த ஏ727-க்குத் தொழிற்சாலையே ஒன்றரை சுற்றுதான் சொன்னது என்பதும் உண்மை. அதற்குக் கீழே போக வேண்டாம். வேகமான மாற்றம்தான் வேண்டும் என்றால் ஷிஃப்ட் கிட் போட்டு வால்வு பாடியை மாற்றியமையுங்கள். லீவர் விகிதத்தையும் மாற்றலாம்: 3.8-க்குப் பதில் 4.2 போட்டால் அதே அழுத்தத்தில் பேண்டு பலமாக அமுக்கும். ஆனால் பிஸ்டன் அதே இடைவெளியை மூட இன்னும் அதிகத் தூரம் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: நானே அட்ஜஸ்ட் செய்தேன். ஸ்குரூ சரளமாகச் சுழலட்டும் என்று எட்டுப் பத்து சுற்று வெளியே எடுத்தேன். உள்ளே ‘டங்’ என்று சத்தம். இப்போது இரண்டாவது கியரே இல்லை. இதுவும் டார்க்ஃப்ளைட்தான்.
— ஹாமில்டன், கனடா

பதில்: விழுந்தது தாங்குகட்டை. ஸ்குரூவுக்கும் லீவருக்கும் பேண்டின் முனைக்கும் நடுவில் வெறும் அழுத்தத்தால் மட்டுமே நின்றுகொண்டிருக்கும் சிறு துண்டு அது. ஐந்து சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தால் அதற்குப் பிடிமானம் போய்விடும். துரு இளக்க வேண்டும் என்றால் உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று என்று ஆட்டிக் கொடுப்பதுதான் வழி.

இனி ஆயிலை இறக்கிப் பேனைக் கழற்றுங்கள். துண்டு பேனில் கிடக்கலாம், வால்வு பாடியின் மேல் உட்கார்ந்திருக்கலாம். திரும்ப இடத்தில் வைக்கப் பெரும்பாலும் வால்வு பாடியையும் இறக்க வேண்டிவரும். அதை இறக்கும்போது அக்யூமுலேட்டர் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் கூடவே நழுவி வரும். ஒரு கையை அடியில் கொடுத்திருங்கள். துண்டைக் கெட்டியான வாசலினில் தோய்த்து ஒட்டவைத்து, ஸ்குரூவை விரலால் உள்ளே கொண்டுவந்து பிடிமானம் கொடுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ஆயிலில் கரையாமல் கட்டியாக நின்று சின்ன வழிகளை அடைக்கும். வால்வு பாடி போல்ட்டுகள் 100 பவுண்டு-அங்குலம், அதாவது 11 நியூட்டன் மீட்டர். இவ்வளவு தூரம் இறக்கிவிட்ட பிறகு ஃபில்டரையும் பின் பேண்டையும் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: 1989 செவ்ரலே பிக்கப், 700ஆர்4. பேண்டு ஸ்குரூ எங்கே என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டேன்.
— ஹூஸ்டன்

பதில்: தேடுவதை நிறுத்தலாம், இல்லை. இதில் இரண்டாவதையும் நான்காவதையும் பிடிக்கும் பேண்டு ஒன்று இருக்கிறது. இடைவெளியை ஸ்குரூவால் அல்ல, சர்வோவில் இருக்கும் ‘பின்’ (pin) என்ற தண்டின் நீளத்தால் தீர்மானித்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்துச் சேர்க்கும்போது அளந்து, தகுந்த நீளப் பின்னைத் தேர்ந்து போடுவார்கள். இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்து போனால் பேண்டு அல்லது சர்வோ. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து போனால் 3-4 கிளட்ச். எல்லாமே மந்தமாக மாறினால் முதலில் டிவி கேபிளை (த்ராட்டில் வால்வு கேபிள்) சரிபாருங்கள். வேலியன்ட் ராடுக்குச் சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: எம்ஜிபி ஆட்டோமேட்டிக், போர்க்-வார்னர் 35. இரண்டு பேண்டுக்கும் இறுக்கம் ‘10’ என்று குறித்து வைத்திருக்கிறேன். சரியா?
— லண்டன்

பதில்: எண் சரி, அலகைக் குறிக்க மறந்துவிட்டீர்கள். பின் பேண்டு வெளியில் வலப்பக்கம்: 10 பவுண்டு-அடி, பிறகு 1 சுற்று தளர்த்தல். முன் பேண்டு பேனுக்கு உள்ளே: சர்வோ பிஸ்டனுக்கும் ஸ்குரூவுக்கும் நடுவில் கால் அங்குலக் கட்டையை வைத்து, 10 பவுண்டு-அங்குலம், சுமார் 1.1 நியூட்டன் மீட்டர். அது விரல் நுனி இறுக்கம். லாக் நட்டை இறுக்கியதும் கட்டையை எடுத்துவிடுங்கள். மறந்து உள்ளேயே விட்டுப் பேனை மூடினால் மறுபடி ஆயிலை இறக்க வேண்டியதுதான்.